ஒரு விசிறிக்கு மூன்று கூட்டாளிகள்

சுவரில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் மாட்ட ஒரு விசிறி. சங்கதி இவ்வளவுதான். ஒயர்மேன் ஒருத்தனைக் கூப்பிட்டால் காலையில் வந்து, மதியச் சாப்பாட்டுக்குள் மாட்டிவிட்டுப் போயிருப்பான். ஆனால் ஒரே குடும்பத்தில் பேராசிரியர் ஒருத்தர், அதிகாரி ஒருத்தர், முதலாளி ஒருத்தி என்று மூன்று பெரிய மனிதர்கள் வந்து வாய்த்துவிட்டால், எந்த விசிறிதான் உருப்படியாகச் சுற்றும்?

முதலாளி என்பது பெரியவள். தண்ணீர்க் குழாய்களை இணைக்கிற இடத்தில் போடும் ரப்பர் வளையங்களைச் செய்கிற பட்டறை அவளுடையது. பச்சை ரப்பரை இரும்பு அச்சுக்குள் வைத்து, பிரஸ்ஸில் கொடுத்து நசுக்கி, சூட்டில் வேகவிட்டு, அச்சைக் கம்பியால் நெம்பித் திறந்தால் வளையம் தயார். கூடவே வெள்ளையாக ஒரு புகை கிளம்பும். கந்தகமும் கருகின டயரும் சேர்ந்த நாற்றம். அச்சைத் திறக்கிறவர் குனிந்துதான் திறக்க வேண்டும் என்பதால் அது வேறெங்கும் போகாமல் நேராக மூஞ்சிக்குத்தான் வரும். அதற்காகத்தான் சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. பல வருஷம் உழைத்துக் கடைசியில் ஒருநாள் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது.

இருப்பதிலேயே பெரிய பிரஸ்ஸில் நின்றவள் சின்னவள். பெரியவளின் கூடப் பிறந்த தங்கை. கட்டினவன் கைவிட்டுப் போனபிறகு அக்கா வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தவள். அலுவலக அறையில் உட்கார்ந்து போன் எடுத்தால் போதும் என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். "போன் எடுக்கறதுக்குச் சோறு போட்டா அதுக்குப் பேரு ஓசிச் சோறு. பிரஸ்ஸைக் குடு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வாய் அப்படி. பட்டறையில் அவள் அடிக்கிற கிண்டலுக்குப் பயந்தே நாலு பேர் நேரத்துக்கு வேலைக்கு வருவார்கள்.

விசிறி நின்ற வாரம், ஞாயிற்றுக்கிழமை. அடுத்த தெருவில் இருக்கிற, அக்கா தங்கை இருவருக்கும் மூத்த அண்ணன் வழக்கம்போல் சாப்பிட வந்திருந்தார். அரசாங்கத்தில் தொழில் வளர்ச்சித் துறையில் அதிகாரி. பெரியவளின் கணவர் பல்கலைக்கழகத்தில் எந்திரவியல் பேராசிரியர். எல்லாரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பட்டறை ஃபேன் செத்துப்போச்சு. புகை போகாம அப்படியே நிக்குது. சின்னவளுக்கு இருமல் விடவே மாட்டேங்குது. நாளைக்கு ஒயர்மேனை வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் பெரியவள்.

பேராசிரியர் கையை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தினார். "புகை நிக்குதா?" என்றார். மற்றவர்கள் 'புதையல் கெடைச்சிருக்கா?' என்று கேட்பார்களே, அந்தக் குரலில்.

"ஆமா, நிக்குது."

"மச்சான், கேட்டீங்களா? இதுதான் நான் தேடிக்கிட்டிருந்த பிரச்சினை!"

அண்ணனுக்கும் கண் விரிந்தது. அவர் துறையில் ஒரு திட்டம் வந்து தூங்கிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகம், தொழில்துறை, அரசு மூன்றும் கைகோத்து, வட்டாரத்தைப் புதுமையில் முன்னேற்ற வேண்டும் என்று. "திட்டம் இருக்கு மாப்பிள்ளே. கைகோக்கத்தான் ஆள் சிக்க மாட்டேங்குது" என்று வாராவாரம் புலம்புவார்.

"கையெல்லாம் இந்த மேசையிலேயே இருக்கே மச்சான்!" என்றார் பேராசிரியர்.

சின்னவள் இருமி முடித்துவிட்டுக் கேட்டாள். "அத்தான், நீங்க கை கோக்கறது இருக்கட்டும். ஃபேன் எப்ப வரும்?"

"ஃபேன் எல்லாம் பழைய காலம்மா. நாம செய்யப்போறது வேற. புகை வர்றதுக்கு முந்தியே அதைத் தெரிஞ்சுக்கிட்டுத் தானாப் பிடிக்கிற கருவி. இந்த வட்டாரத்துல இருக்கற எல்லாப் பட்டறைக்கும் அது போகும்."

"எல்லாப் பட்டறைக்கும் போகட்டும். நம்ம பட்டறைக்கு முதல்ல ஒரு ஃபேன் போட்டுடுவோமே."

மூன்று பேரும் அவளைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதற்கும் ஒரு படிப்பு வேண்டும். அது சின்னவளிடம் இல்லை.

பெரியவளாவது தடுத்திருக்கலாம். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை. பேராசிரியரோடு வேலை செய்கிறவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போனால், அவர்களுடைய மனைவிமார் அவளை 'ரப்பர்க்காரி' என்று தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பது அவள் காதில் விழுந்திருக்கிறது. இப்போது அதே பல்கலைக்கழக மேடையில் 'தொழில்துறைப் பிரதிநிதி' என்று பலகை வைத்த நாற்காலி! வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா? மறுநாள் ஏணியோடு வந்த ஒயர்மேனுக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

முதல் வேலையாக அளக்க வேண்டும் என்றார் பேராசிரியர். "இப்ப எவ்வளவு மோசமா இருக்குன்னு தெரிஞ்சாத்தானே பின்னாடி எவ்வளவு நல்லாச்சுன்னு காட்ட முடியும்? இதுக்குப் பேருதான் பேஸ்லைன்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கிறுக்குத்தனங்கள் எல்லாமே முதலில் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆராய்ச்சி மாணவர்கள் வந்து சுவரெல்லாம் பெட்டி பெட்டியாக மாட்டினார்கள். அளந்து முடிக்கிறவரை பட்டறை ஒரே நிலையில் இருக்க வேண்டுமாம். ஒருநாள் ஜன்னல் திறந்து, ஒருநாள் மூடி இருந்தால் அளவு குழம்பிவிடுமாம். ஆகவே ஜன்னல்களை மூடினார்கள். செத்த விசிறியைக் கழற்றிய ஓட்டை வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது. அதுவும் குழப்புமாம். ஒரு பலகையை வைத்து ஆணி அடித்து அடைத்தார்கள்.

அண்ணன் தன் பங்குக்கு ஒரு விதியைக் கொண்டுவந்தார். "அனுமதி வர்றதுக்கு முந்தி நீ ஒரு சின்ன மாற்றம் பண்ணினாலும் திட்டம் ரத்து, தெரியுமா? ஏற்கனவே சரியாகிப்போன பட்டறைக்கு அரசாங்கம் எதுக்கு உதவி பண்ணணும்னு கேப்பாங்க."

"இப்பத்தான் ஆணி அடிச்சு அடைச்சிருக்கோமேண்ணா. அது மாற்றம் இல்லையா?" என்றாள் பெரியவள்.

"அடைக்கறதைப் பத்தி விதியில ஒண்ணும் சொல்லலை. தொறந்தாத்தான் தப்பு."

ஆகக்கூடி, பட்டறைக்குள் காற்று வரக் கூடாது என்ற ஒரு விஷயத்தில் பல்கலைக்கழகமும் அரசாங்கமும் முழுமனதாக ஒத்துப்போயின. கூட்டு முயற்சி என்றால் சும்மாவா!

சின்னவளின் சட்டைக் காலரிலும் ஒரு சின்னக் கருவியைக் குத்திவிட்டார்கள். தீப்பெட்டி அளவு இருக்கும். அவள் மூச்சிழுக்கிற இடத்தில் எவ்வளவு புகை என்று அது பார்க்குமாம்.

"அக்கா, இது என்ன பண்ணும்?"

"புகையை அளக்கும்."

"அளந்தா போயிடுமா?"

"சும்மா இருடி. பெரியவங்க ஏதோ நல்லதுக்குத்தான் பண்றாங்க."

பட்டறையில் எல்லாரும்தான் இருமினார்கள். ஆனால் பெரிய பிரஸ்ஸின் அச்சுதான் பெரிசு, அதன் புகைதான் அதிகம். சின்னவளுக்குக் கண் எப்போதும் சிவந்தே கிடந்தது. கிண்டல் குறைந்தது. ஒரு பேச்சை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள்.

இந்தப் பக்கம் பேராசிரியருக்கோ முகத்தில் ஒரு தனிக் களை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிடுவார். "இன்னிக்கு ரீடிங் பாத்தியா? பிரமாதம்!"

"பிரமாதம்னா? கொறைஞ்சிருக்கா?"

"கொறையறதா! இதுவரைக்கும் இல்லாத அளவு ஏறியிருக்கு. இப்படி ஒரு டேட்டா வேற யாருகிட்டயும் இருக்காது, தெரியுமா?"

மேலே மாடியறையில் அந்த டேட்டா இருமிக்கொண்டிருக்கும். பேராசிரியர் முகத்தைச் சுளித்து மேலே பார்ப்பார். "அவ மருந்து கிருந்து ஏதாவது சாப்பிடறாளா இல்லையா?" என்று அக்கறையாக விசாரிப்பார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இந்த மனிதருக்கு வீடு நன்றாக எரிவதே லாபமாக இருந்தது.

ஒருநாள் பெரியவளுக்கே பொறுக்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீ பேக்கிங் பக்கம் வந்துடுடி. வேற யாரையாவது பிரஸ்ஸுல விடறேன்" என்றாள். சின்னவளும் சரி என்று கையுறையைக் கழற்றிவிட்டாள். சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் பேராசிரியர் குதித்தார்.

"நடுவுல ஆளை மாத்தினா எப்படி? அவ உயரம் வேற, இன்னொருத்தி உயரம் வேற. அவ குனியற மாதிரி இன்னொருத்தி குனிய மாட்டா. இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் குப்பைக்குத்தான் போகணும். மூணு நிறுவனம் சேர்ந்து பண்ற காரியம் இது, உன் இஷ்டத்துக்கு மாத்த முடியாது!"

மறுநாள் காலையில் பெரியவள் தங்கையிடம் போய் நின்றாள். "இன்னும் கொஞ்ச நாள் பெரிய பிரஸ்ஸுலயே நில்லேன். வட்டாரத்துக்கே நல்லது நடக்கப்போவுது..."

"வட்டாரம் கிட்டாரம்னு எங்கிட்ட சொல்லாதே. உனக்காகவா?"

"எனக்காகத்தான்டி."

"அப்படிச் சொல்லு. உனக்காகன்னா நிக்கறேன்" என்று கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பிறகு கூட்டங்கள். அம்மம்மா, எத்தனை கூட்டங்கள்! கூட்டமைப்புக்கு ஒரு சின்னம் வேண்டுமென்று மூன்று வட்டங்கள் போட்டார்கள். எந்த வட்டம் மேலே இருப்பது என்று பல்கலைக்கழகத்துக்கும் அரசுக்கும் சண்டை. பல மாதம் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மேசையில் உட்கார்ந்து ஊறுகாய்ப் பாட்டிலை மாற்றிக்கொள்கிற மாப்பிள்ளையும் மச்சானும், திங்கட்கிழமை 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து ஒருவர்மேல் ஒருவர் வருத்தம் தெரிவித்துக்கொண்டார்கள். கடைசியில் மூன்று வட்டத்தையும் பக்கவாட்டில் படுக்கப் போட்டு முடித்தார்கள். அந்த வேகத்தில் விசிறி செய்திருந்தால் ஊருக்கே செய்திருக்கலாம்.

ஒப்பந்தக் கையெழுத்து விழா ஒரு பெரிய ஓட்டலில். குளிர்சாதனம் எலும்புக்குள் இறங்கியது. சுத்தமான காற்றைப் பற்றி இவர்கள் பேச அவ்வளவு சுத்தமான காற்று வேண்டியிருந்தது. பெரியவள் தன் பெயர்ப் பலகைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாக்கியம் பேசினாள். கைதட்டினார்கள். 'ரப்பர்க்காரி' என்று சிரித்த பெண்களில் ஒருத்தி அவளிடம் வந்து, "உங்க தொழில்ல இவ்வளவு விஷயம் இருக்கா? இத்தனை நாளா தெரியாமப் போச்சே!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் சின்னவள் எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நினைக்காமல் இருந்தாள், அவ்வளவுதான்.

விழா முடிந்த அடுத்த ஞாயிறு அண்ணன் சாப்பிட வந்தார். உட்காரும்போதே தொண்டையைக் கனைத்தார். "மாப்பிள்ளே, ஒரு சின்னச் சிக்கல். நீங்க எடுத்த ரீடிங் எல்லாம் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதுக்கு முந்தி எடுத்தது. அதுல ஒண்ணையும் எடுத்துக்க முடியாதுங்கறாங்க எங்க ஆபீஸ்ல."

"ஏன்?"

"அப்ப திட்டமே இல்லையே."

"திட்டம் இல்லைன்னாலும் புகை இருந்துச்சே அண்ணா?" என்றாள் பெரியவள்.

"இருந்துச்சு. ஆனா அது திட்டத்துக்கு முந்தின புகை."

பேராசிரியர் அன்று முழுக்க உர்ரென்று இருந்தார். மறுநாள் தெளிந்துவிட்டார். "ரெண்டு பேஸ்லைன் இருந்தா கட்டுரைக்கு இன்னும் பலம்தான்" என்றார். முதலிலிருந்து மறுபடி அளப்பதென்று முடிவானது. மூன்று கூட்டாளிகளும் சம்மதிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், பெரியவளையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். அவளும் தலையாட்டினாள். ஆட்டினாளே, பாவி! கூடப் பிறந்தவள் ஒரு தடவை இழுத்த புகையெல்லாம் கணக்கில் சேராது, இன்னொரு தடவை இழுக்கட்டும் என்று அதற்கு அர்த்தம். எழுதும்போதே வயிறு எரிகிறது.

சின்னவள் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே அக்காவிடம் சொன்னாள், ஏதோ கடையில் விலை விசாரித்துவிட்டு வந்தவள் மாதிரி.

"நுரையீரல்ல தழும்பு விழுந்திருக்காம். போனது போனதுதானாம். இனிமேப் போகாமப் பாத்துக்கோங்கறாரு டாக்டர்."

பெரியவள் கணவரிடம் ஓடினாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் நிஜமாகவே பதறினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். தங்கைமேல் பாசம் இல்லாதவர் இல்லை. ஆனால் பதறின வாயாலேயே சொன்னார்: "அடுத்த வாரம் எங்க செயலாளர் பட்டறையைப் பாக்க வர்றாரு. அவர் பாத்துட்டுப் போனா அன்னிக்கே அனுமதி. ஒரு வாரம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லு. இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப விடறதா?"

பெரியவள் மாடிக்குப் போய், "ஒரு வாரம்தானேடி" என்றாள்.

சின்னவள் மறுநாள் வழக்கம்போல் பட்டறைக்கு வந்தாள்.

செயலாளர் வருகிற நாள். விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கெட்டுது காரியம்! அவருக்குப் புகையே ஒத்துக்காதாம். ஊதுபத்தி வாசனைக்கே தும்முவாராம். ஜன்னலைத் தொற, எல்லாத்தையும் தொற!"

பார்க்க வேண்டுமே அந்தக் கூத்தை! பேராசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அச்சு நெம்புகிற கம்பியால் தானே அந்தப் பலகையை நெம்பிப் பிடுங்கினார். அண்ணன் ஜன்னல் ஜன்னலாக ஓடிக் கொக்கியைத் தட்டினார். துரு ஏறிப்போன ஜன்னலைக் காலால் உதைத்துத் திறந்தார். வாடகைக்கு இரண்டு பெரிய விசிறிகளை யாரோ உருட்டிக்கொண்டு வந்தார்கள். பெரியவள் தானே ஓடி ஓடி ஒயரை இழுத்துச் சொருகினாள். போட்டு வைத்த டீ ஆறுவதற்குள் பட்டறையில் காற்று பளிச்சென்று ஆகிவிட்டது. எதிர்ச் சுவரில் எழுதியிருந்ததுகூட இந்தப் பக்கத்திலிருந்து தெரிந்தது.

சின்னவள் பிரஸ்ஸில் சாய்ந்து நின்று, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓ, இதெல்லாம் தொறக்குமா?" என்றாள்.

யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

செயலாளர் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சுற்றிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: "பட்டறை ரொம்ப சுத்தமா இருக்கே! இங்க என்ன பிரச்சினை?"

பேராசிரியருக்கு வேர்த்துவிட்டது. "இல்லைங்க... வழக்கமா இங்க புகை இருக்கும்."

"வழக்கமா எப்ப இருக்கும்?"

"தினமும் இருக்கும்ங்க. இன்னிக்கு மட்டும் இல்லை."

செயலாளர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். படம் எடுக்கப் பெரிய பிரஸ்ஸின் பக்கம் வந்தார். "இவங்கதான் பயனாளியா? எப்படிம்மா இருக்கீங்க?" என்று சின்னவளைக் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. பிரஸ்ஸைப் பிடித்துக்கொண்டு குனிந்து, விடாமல் இருமினாள். செயலாளர் சட்டென்று பின்வாங்கிக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். படம் எடுக்க வந்தவன், "அவங்க கொஞ்சம் தள்ளி நின்னா நல்லாருக்கும்" என்றான். சின்னவள் தள்ளி நின்றாள். பிறகு காலரிலிருந்த கருவியைக் கழற்றிப் பிரஸ்மேல் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டாள்.

செயலாளரின் கார் தெருமுனை திரும்பியதும் அண்ணன் கையைத் தட்டினார். "மூடு, மூடு! பிரச்சினை இருக்கான்னு பாக்க ஒரு குழுவை அனுப்பறாராம். அவங்க வரும்போது புகை இருந்தே ஆகணும்."

பேராசிரியர் பலகையை ஓட்டையில் வைத்துப் பிடித்துக்கொண்டு ஆணி கேட்டுக் கையை நீட்டினார். மனைவியிடம்தான் நீட்டினார்.

பெரியவளுக்கு அப்போது வந்தது பாருங்கள் ஆத்திரம், அது இத்தனை நாள் எங்கேதான் ஒளிந்திருந்ததோ! "பலகையைக் கீழ வைங்க" என்றாள்.

"என்ன?"

"கீழ வைங்கன்னேன்! இனி இந்தப் பட்டறையில ஒரு ஜன்னலை யாராவது மூடினா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"அம்மாடி, திட்டம் போயிடும்" என்றார் அண்ணன்.

"போய்த் தொலையட்டும்."

"என் கட்டுரை?" என்றார் பேராசிரியர்.

"அதையும் கூட்டிக்கிட்டுப் போங்க!"

இரண்டு பேரையும் வாசல்வரை விரட்டிவிட்டு ஒயர்மேனைக் கூப்பிட்டாள். அதே ஒயர்மேன், அதே ஏணி. ஓட்டையை அளந்தான், கடைக்குப் போனான், வாங்கி வந்து மாட்டினான். சாயங்கால டீக்கு முன்னால் விசிறி சுற்ற ஆரம்பித்தது. அச்சைத் திறந்தார்கள். வெள்ளைப் புகை எழும்பிப் பாதியிலேயே வளைந்து நேராகச் சுவரைப் பார்த்துப் போனது. வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். பெரியவளுக்குப் பெருமையில் கண் கலங்கியது. புருஷனையும் அண்ணனையும் எதிர்த்து நின்றுவிட்டாள். தங்கைக்காக நின்றுவிட்டாள். அதை உடனே தங்கையிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

வீட்டுக்கு ஓடினாள். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மாடிப்படி ஏறினாள். சின்னவள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"தையல்கடைக்காரி வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்குது. கடையில பட்டன் தைக்கவும் ஆள் வேணுமாம்."

"பைத்தியமா உனக்கு? ஃபேன் மாட்டிட்டேன்! அவங்க ரெண்டு பேரையும் வெளிய போகச் சொல்லிட்டேன். எல்லாம் உனக்காகத்தான்."

"கேள்விப்பட்டேன். நல்லாச் சுத்துதா?"

"பிரமாதமாச் சுத்துது. புகையே இல்லை."

"மாட்ட எவ்வளவு நேரமாச்சு?"

பெரியவளின் பெருமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சின்னவள் கடைசித் துணியையும் மடித்து வைத்துப் பையின் வாயை இழுத்து மூடினாள். அதற்கே மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பெரியவளால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்க முடியும்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன் ரூமுக்கு நேர் மேலதான் என் ரூம். நான் இருமினது உனக்குக் கேட்டுச்சா?"

சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. அவருடைய குறட்டையில் ஒன்றும் கேட்காது என்றிருக்கலாம். படுத்தால் பிணம் மாதிரித் தூங்குவேன் என்றிருக்கலாம். பெரியவள் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

"தினமுமா?"

"தினமும்."

சின்னவள் தலையை மெல்ல ஆட்டினாள். "கேக்கலைன்னு நீ சொல்லுவேன்னு நெனச்சேன். அப்படிச் சொல்லியிருந்தா இந்தப் பையைப் பிரிச்சு வெச்சிருப்பேன்" என்றாள்.

பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "குடுடி, நான் எடுத்துக்கிட்டு வர்றேன்" என்று பெரியவள் அழுதுகொண்டே கையை நீட்டினாள். சின்னவள் தரவில்லை. "விடு, நான் உக்காந்து உக்காந்து போய்க்குவேன்" என்றாள். பாதிப் படியில் பையை இறக்கி வைத்து உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பெரியவள் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருமி முடித்ததும் சின்னவள் எழுந்து மீதிப் படிகளையும் இறங்கிப் போனாள்.